ஆவுடை வைத்துவிட்டுப் போன சொதி

பாளையங்கோட்டை ஹவுசிங் போர்டில் பி பிளாக் இரண்டாவது மாடியில் குடியிருந்த ஆவுடையம்மாள், கல்யாணமாகி முப்பத்து மூன்று வருஷம் முடிந்த மறுநாள், ஓர் ஐப்பசிச் செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு, சொதியில் தலைப்பாலை ஊற்றி, அடுப்பைச் சிம்மில் வைத்து, கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, கூடத்தில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த புருஷனிடம், "சொதி சிம்ல இருக்கு, பாத்துக்கிடுங்க, நான் அம்பாசமுத்திரத்துக்கு அக்கா வீட்டுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு, ஏற்கெனவே கட்டி வைத்திருந்த பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்; அன்றைக்கு எரியத் தொடங்கிய அந்தச் சிம் பதினோரு மாதம் அணையவில்லை, சிலிண்டரும் தீரவில்லை, சொதியும் வற்றவில்லை.

புருஷன் குற்றாலிங்கம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலத்தில் அவர் வீட்டில் நின்றதைவிடப் பஸ் படிக்கட்டில் நின்றதுதான் அதிகம் என்றால், ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் நின்ற அந்தக் கொஞ்ச நேரமும் இல்லாமல் போயிற்று. காலையில் டீக்கடை, பிறகு யூனியன் ஆபீஸ், அங்கிருந்து கேரம் கிளப், நடுவில் யாருக்காவது சாவு, யாருக்காவது சடங்கு என்று ஊரில் அவர் இல்லாத இடமே இல்லை, அவர் வீடு ஒன்றைத் தவிர. பிள்ளைகள் இல்லை. கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொதிச் சாப்பாடு போடுவது அவர்கள் ஆட்களின் வழக்கம் என்பதால், வருஷா வருஷம் அதே நாளில் ஆவுடை தேங்காய் திருகிப் பால் பிழிந்து சொதி வைப்பாள், வருஷா வருஷம் அவர் நாலு மணிக்கு வந்து, "சாப்பிட்டாச்சு, பஸ் ஸ்டாண்டுல நம்ம ஆளு ஒருத்தன் விடமாட்டேன்னுட்டான்" என்பார். கெட்ட மனுஷர் இல்லை. குடியும் இல்லை, அடியும் இல்லை. அதனால்தான் ஆவுடையால் யாரிடமும் எடுத்துச் சொல்ல முடியவில்லை.

இதில் அடுப்புத் தொல்லை வேறு. சொதி என்பது கொதிக்கக் கூடாத குழம்பு. முதலில் பிழிந்த கெட்டிப் பால், அதுதான் தலைப்பால், உள்ளே போன பிறகு தீ கொஞ்சம் தூக்கலாக இருந்தால் போதும், திரிந்து தண்ணீர் வேறு பால் வேறாக நிற்கும். ஆவுடையின் அடுப்போ சிம்முக்குப் பிறந்த எதிரி. திருகைக் குறைத்தால் பொசுக்கென்று அணையும், கொஞ்சம் கூட்டினால் பாத்திரத்தின் காதைப் பிடிக்க எழும். அவள் பாத்திரத்துக்கு அடியில் தோசைக்கல்லை வைத்துப் பார்த்தாள், சின்ன பர்னருக்கு மாற்றிப் பார்த்தாள், அடுப்பு ரிப்பேர் ஆசீர்வாதத்தை நாலு முறை கூப்பிட்டு ஊசியால் ஜெட்டைக் குத்தச் சொன்னாள். "இந்த அடுப்புல சிம் நிக்க மாட்டேங்கு, வேற வாங்குவோமா?" என்று அவள் கேட்கும்போதெல்லாம் குற்றாலிங்கம், "பாப்போம்ளா" என்று சொல்லிக்கொண்டே தெருவில் இறங்கியிருப்பார்.

அன்றைக்கும் இறங்கியிருக்க வேண்டியவர்தான். ஆனால் வீட்டில் வேறு யாரும் இல்லை, அடுப்பு எரிகிறது. எரிகிற அடுப்பை விட்டுவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு போகக்கூடாது என்பது அடுப்பங்கரைப் பக்கமே போகாத ஆளுக்கும் தெரிந்த விஷயம். அணைத்துவிடலாம் என்றால் எப்போது அணைப்பது என்று அவள் சொல்லவில்லை. முன்கூட்டி அணைத்தால் வேகாமல் போய்விடும், அதற்கும் ஒரு பேச்சு வாங்க வேண்டும். சரி, சாயங்காலம் வந்துவிடுவாள் என்று செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அடுப்பங்கரைக்குள் போனார்.

அடுப்பில் எரிந்தது சிம் இல்லை, சிம்முக்கும் கீழே. தாளிக்கும்போது தெறித்த கடுகைப் பொறுக்கி வட்டமாக அடுக்கி வைத்ததுபோல நீலப் புள்ளிகள், ஒன்றுகூட அசையாமல், ஒன்றுகூட அணையாமல். மேலே சொதி, வெண்மஞ்சளாக, நிறைந்து. ஓரத்தில் ஒரு குமிழ் எழும், நிற்கும், உடையும். யோசித்து வெகுநேரம் கழித்து இன்னொன்று எழும். அவள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் எதிர்வீட்டு லூர்துமேரி டீச்சர், பத்து மணிக்கு மேல் குற்றாலிங்கத்தை வீட்டுக்குள் பார்த்த அதிர்ச்சியில், காய்ச்சலோ என்னவோ என்று இட்லி கொண்டு வந்தாள். அடுப்பைப் பார்த்தாள். சொதியைப் பார்த்தாள். "எப்போ வச்சது அண்ணாச்சி?" என்று கேட்டாள். "செவ்வாக்கிழமை" என்றார். டீச்சர் மூக்கை நீட்டி மோந்து, "இப்பத்தான் பால் பிழிஞ்ச மாதிரில்லா இருக்கு" என்று சொல்லி, இட்லியை வைத்துவிட்டு, "எனக்கு ஒரு அரை லிட்டர் பால் சுண்டவைக்கணும், பக்கத்து அடுப்பு சும்மாத்தான இருக்கு?" என்று கேட்டாள்.

பி பிளாக் அந்த அதிசயத்தை ஏற்றுக்கொண்டது இப்படித்தான். ஏன், எப்படி என்று யாரும் கேட்கவில்லை. பக்கத்து அடுப்பும் அதே சிம்மில் நிற்கிறதா என்று மட்டும் கேட்டார்கள். நின்றது. டீச்சரின் பால் அடிப்பிடிக்காமல் திரட்டுப்பாலாகத் திரண்டு வந்த அன்று சாயங்காலமே மூன்றாவது மாடி குப்பம்மாள் தலைக்குத் தேய்க்கும் மூலிகை எண்ணெயைக் காய்ச்சக் கொண்டு வந்தாள். அடுத்த வாரம் ஏ பிளாக்கிலிருந்து கைக்குழந்தைக் கஞ்சி வந்தது, சி பிளாக்கிலிருந்து நெல்லிக்காய் லேகியம் வந்தது, தை மாதத்துக்குள் தச்சநல்லூரிலிருந்தும் மேலப்பாளையத்திலிருந்தும் ஆட்டோவில் பாத்திரங்கள் வந்து படிக்கட்டில் வரிசையில் உட்கார்ந்தன. ஆசீர்வாதம் வந்து கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அடுப்பை நாலு பக்கமும் பார்த்து, "முப்பது வருஷமா ஜெட்டு குத்துதேன், இப்பிடி ஒரு சிம்மு என் கையில வந்ததில்ல" என்று சொல்லி, தன் பையிலிருந்த ஊசியை அடுப்பின் காலடியில் வைத்துவிட்டுப் போனான். சிலிண்டர் போடுகிற சுடலைக்கண்ணு மாதா மாதம் வந்து சிலிண்டரைத் தூக்கிப் பார்த்து, "நெறைகுடம்" என்று ஒரே வார்த்தை சொல்லி, காலி கிடைக்காத வருத்தத்தோடு இறங்குவான்.

அவ்வளவு சின்னத் தீ காற்றுக்கு என்ன ஆகுமோ என்று முதலில் பயந்தது குப்பம்மாள்தான். தன் எண்ணெய் இறங்கும்வரை தன் வீட்டு மின்விசிறியை நிறுத்தினாள். தன் வீட்டு விசிறிக்கும் கீழ்மாடி அடுப்புக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் மருமகன் கேட்டதற்கு, "நிறுத்துனா என்ன குறைஞ்சா போயிருவ?" என்றாள். அவ்வளவுதான், காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை பி பிளாக்கில் எந்த வீட்டிலும் விசிறி ஓடக்கூடாது என்று ஆயிற்று. அசோசியேஷன் செயலாளர் அரிராமகிருஷ்ணன் அதைத் தட்டச்சு செய்து படிக்கட்டில் ஒட்டினார். சித்திரை வெயிலிலும் ஜனங்கள் விசிறி மட்டையை மடியில் வைத்துக்கொண்டு வீசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அடுப்பங்கரைக்குள் வருகிறவர்கள் வாசலிலேயே குரலைத் தாழ்த்தினார்கள். பிறகு குரலைத் தாழ்த்துவதற்கே குற்றாலிங்கம் என்று பெயராகிவிட்டது. பிள்ளைகள் கத்தினால், "கொஞ்சம் குத்தாலிங்கத்துல வைங்கலே" என்று தாய்மார்கள் அதட்டினார்கள். புதுசாகக் கல்யாணமான ஜோடிகளைக் கூட்டிவந்து, எரியலாம் ஆனால் பொங்கக்கூடாது என்று காட்டி, சொதிப் பாத்திரத்தை விழுந்து கும்பிடச் சொன்னார்கள். குற்றாலிங்கம் சுவரோரமாக நகர்ந்து இடம் விடுவார். எந்தப் பெண் விட்டுவிட்டுப் போன அடுப்பைக் காட்டி எந்தப் பெண்ணுக்குப் புத்தி சொல்கிறோம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, அவருக்குத் தோன்றியது.

ஏனென்றால் அவர் வெளியே போகவே இல்லை. டீக்கடைக்குப் போகவில்லை, கேரம் கிளப்புக்குப் போகவில்லை, யூனியன் தலைவரின் தம்பி இறந்ததற்குக்கூடப் போகவில்லை. அணைந்தால் அவள் வரமாட்டாள் என்று அவருக்குள் ஒரு எண்ணம் விழுந்துவிட்டது, விழுந்தது வேர்விட்டுவிட்டது. நீங்கள் போங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். "அவ எங்கிட்டல்லா சொல்லிட்டுப் போனா" என்பார். அம்பாசமுத்திரத்துக்குப் போன் போட்டால் ஆவுடையின் அக்கா எடுத்து, "குளிக்கா" என்பாள், அல்லது "கோயிலுக்குப் போயிருக்கா" என்பாள். ஒரு நாளைக்கு நாலு தடவை குளிக்கிற பெண்ணை அவர் கேள்விப்பட்டதில்லை. "சொதி இன்னும் அடுப்புலதான் இருக்குன்னு சொல்லுங்க மைனி" என்று சொல்லி வைத்துவிடுவார்.

வேலைக்குப் போகிறவர்கள் போன பிறகு, பாத்திரம் கொண்டுவருகிற பெண்கள் வருவதற்கு முன்பும் போனதற்குப் பின்பும், வீடு என்பது எவ்வளவு பெரியது என்று அவருக்குத் தெரியவந்தது. பதினொன்றரைக்குத் தபால்காரர் மணி, ஒரு மணிக்குப் பள்ளிக்கூட மணி, மூன்று மணிக்குக் குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் வருகிற இருமல் சத்தம், அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அடுப்பங்கரை ஜன்னலைத் திறந்தால் ஏ பிளாக்கின் முதுகும் அதில் இறங்குகிற கழிவுநீர்க் குழாயும் தெரியும். அவ்வளவுதான் தெரியும். அந்தக் குழாயில் எத்தனை மூட்டு, எந்த மூட்டில் அரசங்கன்று முளைத்திருக்கிறது, அதில் எத்தனை இலை என்பது வைகாசிக்குள் அவருக்கு மனப்பாடம் ஆயிற்று. இந்த வீட்டுக்கு வந்த பத்தொன்பது வருஷமும் இதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாளா என்று ஒரு நாள் நினைத்தார். நினைத்த பிறகு அந்த ஜன்னலைச் சாத்தவும் முடியவில்லை, திறந்து வைக்கவும் முடியவில்லை. சாயங்காலம் எல்லா வீட்டிலும் விளக்குப் போட்டு, கரண்டியும் தட்டும் மோதிக்கொள்ள, ஊர்க்கதை பேசிக்கொண்டு சாப்பிட உட்காருவார்கள். காலையில் இந்த வீட்டில் கூடியிருந்தவர்கள்தான் அத்தனை பேரும். ஒருவருக்கும் அவரைச் சாப்பிடக் கூப்பிடத் தோன்றாது, கூப்பிட்டாலும் அடுப்பை விட்டு வரமாட்டார் என்று தெரியும். டீச்சர் வீட்டிலிருந்து வந்த இட்லியைத் தண்ணீரில் தொட்டுத் தின்றுவிட்டு, ஸ்டூலைப் போட்டு அடுப்புக்கு எதிரே உட்கார்ந்து, "இன்னைக்கு அரசங்கன்னுல ஒரு இலை பழுத்திருக்குளா" என்று சொதியிடம் சொல்வார்.

புரட்டாசியில் ஒரு திங்கட்கிழமை அம்பாசமுத்திரத்திலிருந்து போன் வந்தது. அக்காதான். "நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க. எம் மக புனேல உண்டாயிருக்கா, தொணைக்கு ஆவுடை போறா. புதங்கிழமை மத்தியானம் மதுரைக்குக் கிளம்புதா, அங்கன ரயிலு. திரும்பி வருவாளான்னு என்னையக் கேக்காதீங்க, எனக்கே தெரியாது. ஒரு வார்த்த சொல்லணும்னா நேர்ல வந்து சொல்லுங்க. போன்ல எல்லாம் அவ பேச மாட்டா."

அம்பாசமுத்திரம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே. பதினோரு மாதமாக ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலேதான்.

செய்தி பரவி அன்று சாயங்காலமே அசோசியேஷன் அவர் கூடத்தில் கூடியது. குற்றாலிங்கம் போகவேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அடுப்பு? குப்பம்மாளின் எண்ணெய் பாதியில் இருக்கிறது, வள்ளியூர்க்காரர்கள் லேகியத்துக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள், மாசம் தவறாமல் ஜோடிகள் வருகிறார்கள். "உங்க வீட்டு அடுப்புதான், இல்லேங்கலை. ஆனா இப்ப அது பி பிளாக் அடுப்புல்லா" என்றார் அரிராமகிருஷ்ணன். ஆறு ஆறு மணி நேரமாக நாலு வீட்டார் முறைபோட்டுக் காவல் இருப்பது, அவர் போய் ஆவுடையைக் கையோடு கூட்டிவந்து எரிகிற அடுப்பைக் காட்டுவது என்று முடிவாயிற்று. அது நல்ல யோசனையாகத்தான் அவருக்கும் பட்டது. பதினோரு மாதம் அணையவிடாமல் வைத்திருந்ததைப் பார்த்தால் எந்தப் பெண்ணுக்குத்தான் மனசு இளகாது?

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு வெள்ளை வேட்டி கட்டி, முதல் முறைக் காவலுக்கு வந்த லூர்துமேரி டீச்சரிடம் ஸ்டூலைக் காட்டி, எந்தப் பக்கம் காற்று வரும், எந்தப் புள்ளி கொஞ்சம் பலவீனம் என்றெல்லாம் சொல்லிவிட்டு, வாசல் வரை போனவர் திரும்பி வந்து, இத்தனை நாளும் கேட்க வெட்கப்பட்டதைக் கேட்டார்.

"டீச்சர், இது எப்பத்தான் ஆகும்?"

"எது அண்ணாச்சி?"

"சொதி."

டீச்சர் அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். கேலி செய்கிறாரோ என்று பார்த்தாள். இல்லை என்று தெரிந்ததும் அவளுக்கே ஒரு மாதிரியாகிவிட்டது.

"அது அன்னைக்கே ஆயிருச்சே அண்ணாச்சி. தலைப்பால ஊத்தி, ஓரத்துல நொரை கட்டுச்சுன்னா எறக்கிர வேண்டியதுதான். ரெண்டு நிமிஷ வேலை. உங்களுக்குத் தெரியும்னுல்லா நெனைச்சேன்... ஏதோ வேண்டுதல்னுல்லா நாங்கள்லாம் பேசாம இருந்தோம்."

குற்றாலிங்கம் அங்கேயே நின்றார். பத்தே கால் மணிக்கு வைத்தது பத்தே காலுக்கும் பத்தரைக்கும் நடுவிலேயே ஆகிவிட்டது. அவள் தெருமுனை பஸ் ஸ்டாப்பைத் தாண்டியிருக்கக்கூட மாட்டாள். இறக்கி வைத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, வேகமாக நடந்திருந்தால் பஸ்ஸுக்குள்ளேயே பிடித்திருக்கலாம். எந்தக் கண்டக்டரும் அவருக்காக ஒரு விசில் கொடுத்து வண்டியை நிறுத்தியிருப்பான். அழவேண்டும்போல இருந்தது, டீச்சர் இருந்ததால் அழவில்லை.

"டீச்சர், கொஞ்சம் தள்ளிக்கிடுங்க" என்று சொல்லி, முப்பத்து நாலு வருஷத்தில் முதல் தடவையாக ஓர் அடுப்பின் திருகைப் பிடித்துத் திருகினார். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. எல்லா அடுப்பும் அணைவதுபோல அணைந்தது. சுற்றி எரிந்துகொண்டிருந்த நீலப் புள்ளிகள் இருந்த இடத்தில் கறுத்த ஓட்டைகள் இருந்தன, அவ்வளவுதான். மேலே மூன்றாவது மாடியில் குப்பம்மாள், எப்படித் தெரிந்ததோ, "ஐயோ என் எண்ணெய்!" என்று கத்தினாள். அதற்குப் பிறகு அந்த அடுப்பில் யார் வைத்தாலும் சிம் நிற்கவில்லை, பழையபடி பொசுக்கென்று அணையும் அல்லது காதைப் பிடிக்க எழும். பி பிளாக் மட்டும் பத்திலிருந்து பன்னிரண்டு வரை விசிறி போடாமல் இருக்கப் பழகிப்போய், இன்றைக்கும் போடுவதில்லை.

சொதியைத் தூக்குவாளியில் ஊற்றி, மூடியை அழுத்தி மூடி, மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். பஸ் புறப்படும்போது தொடை பொறுக்காத சூடு. சேரன்மகாதேவி தாண்டும்போது கை வைக்கலாம்போல இருந்தது. வீரவநல்லூரில் வெதுவெதுப்பு. கல்லிடைக்குறிச்சிப் பாலத்தில் தாமிரபரணிக் காற்று அடித்தபோது வேட்டியை மடித்து வாளியைச் சுற்றிக் கட்டினார், தன் கைகளாலும் சுற்றிப் பிடித்துக்கொண்டார். அம்பாசமுத்திரத்தில் இறங்கும்போது வாளி, ஊரில் உள்ள எல்லா வாளியையும் போல, ஆறிப்போயிருந்தது.

ஆவுடை நடையில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு சேலை மடித்துக்கொண்டிருந்தாள். இளைக்கவும் இல்லை, பெருக்கவும் இல்லை. நிமிர்ந்து பார்த்து, "வாங்க" என்றாள். ஏதோ நேற்றுச் சாயங்காலம் பார்த்த மனுஷனைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

வாளியை நீட்டினார். "சொதி" என்றார். "அணையவிடலை. பதினோரு மாசம். இன்னைக்குக் காலைலதான்..."

"அக்கா சொன்னா" என்றாள். வாளியை வாங்கி மூடியைத் திறந்தாள், மோந்தாள், வாளியைச் சாய்த்துக் கொஞ்சம் இடது உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"உப்பே இல்லியே."

"என்னது?"

"உப்பு இல்லை. நான் எறக்குன பொறவுதான உப்புப் போட்டு எலுமிச்சம்பழம் பிழிவேன், அடுப்புல இருக்கையில போட்டா திரிஞ்சிருமே. நீங்க ஒரு வாய்கூட ருசி பாக்கலியா?"

தானாக ஒரு மூடியைத் திறந்து, தானாக ஒரு கரண்டி எடுத்துச் சாப்பிடுவது என்று ஒன்று இருப்பதே அவர் புத்தியில் ஏறியிருக்கவில்லை. அதற்கு ஆள் வரவேண்டும் என்றுதான் அத்தனை நாளும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"நீ வந்து போடுவேன்னு இருந்துட்டேன்" என்றார்.

ஆவுடை வாளியின் மூடியைத் திரும்ப அழுத்தி மூடினாள். கோபம் வரும் என்று பார்த்தால் கோபம் வரவில்லை, அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. "உங்களுக்குத்தான வச்சேன்" என்று மெதுவாகச் சொன்னாள். "முப்பத்து மூணு வருஷமும் உங்களுக்குத்தான வச்சேன். எடுத்துச் சாப்பிட்டிருந்தா அன்னைக்கே தீந்திருக்கும்."

"ஏளா, வந்துரு. நான் இனிமே வீட்டை விட்டு நகர மாட்டேன். அந்த ஜன்னல்ல நின்னு பாத்தேன் நானு. எனக்குத் தெரியும் இப்ப."

"தெரிஞ்சா நல்லதுதான்" என்றாள். அதில் குத்தல் இல்லை. "புள்ளை பொறக்கட்டும். பொறந்து, ஒரு வருஷம் போகட்டும். அதுக்குப் பொறவு பாப்போம்."

உள்ளே போய் சொதியைச் சூடாக்கினாள். இறக்கினாள், உப்புப் போட்டாள், எலுமிச்சம்பழத்தைப் பாதியாக நறுக்கிப் பிழிந்தாள். கூடத்தில் இலை போட்டு, சோறு வைத்து, நடுவில் குழி பறித்து ஊற்றி, ஓரத்தில் இஞ்சித் துவையல் வைத்து, "உக்காருங்க, ஆறிரும்" என்றாள்.

"நீயும் உக்காரு."

"எனக்கு இன்னும் ரெண்டு சேலை மடிக்க இருக்கு. ஒண்ணரைக்கு பஸ்ஸு."

அவர் உட்கார்ந்தார். பிசைந்து முதல் கவளத்தை வாயில் வைத்தார். தேங்காய்ப்பாலின் இனிப்பும் பச்சை மிளகாயும் இஞ்சியும் கடைசியில் அந்தப் புளிப்பும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, இவ்வளவு ருசியையா முப்பத்து மூன்று வருஷமும் வேண்டாமென்று விட்டோம் என்று நினைத்தார், கண்ணில் நீர் வந்து இலையில் விழுந்தது, அவர் துடைக்கவில்லை. ஒரு கவளம், இன்னொரு கவளம் என்று ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். நடையில் பெட்டியை மூடுகிற சத்தம் கேட்டது. நன்றாக இருக்கிறது என்று சொல்ல அவர் தலை நிமிர்ந்தபோது, எதிரே யாரும் இல்லை.